ஷேடிங் என்றால் நிழல் தீட்டல்

'கன்னத்துல ஷேடு பத்தல', 'மூக்குக்குப் பக்கத்துல இன்னும் கொஞ்சம் ஷேடிங் குடு'. சேலத்தில் ஓவியம் பழகுகிற பிள்ளைகளுக்கு நடுவே இந்தச் சொல் இல்லாமல் பேச்சே நகராது. சேர்வராயன் மலையேறி ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களுக்குப் போனால் அதே ஆங்கிலச் சொல்லுக்கு வேறு வேலை. காப்பிச் செடிக்கு வெயிலை வடிகட்டித் தரும் சில்வர் ஓக்கை 'நிழல் மரம்' என்று இயல்பாகத் தமிழில் சொல்லிவிடுகிறோம். படம் வரையும் தாளில் மட்டும் ஷேடு ஷேடாகவே நின்றுவிட்டது.

பழைய ஆங்கிலத்தில் 'ஷெயாடு' என்ற சொல் இருந்தது. இன்றைய ஷேடு, ஷேடோ இரண்டும் அதே சொல்லின் இருவேறு வேற்றுமை வடிவங்களிலிருந்து பிரிந்தவை. இருள் என்னும் பொருளுள்ள கிரேக்கச் சொல்லான 'ஸ்கோட்டோஸ்' இதற்கு உறவு. ஆக, அடிப்படைப் பொருள் ஒளி குறைந்த இடம். தட்டையான தாளில் ஒளி குறையும் இடங்களைக் கருமையால் காட்டி, உருவத்துக்கு மேடு பள்ளம் உண்டாக்குவதே ஷேடிங்.

தமிழ் நிழலோ இதைவிட அகலமானது. மரத்தடிக் குளிர்ச்சி நிழல், அரசனின் காப்பு நிழல். பழைய வழக்கில் ஒளிக்கும் நிழல் என்று பெயர் உண்டு. கண்ணாடியிலும் நீரிலும் தெரியும் உருவத்தையும் நிழல் என்றே சொன்னார்கள். தன் முகத்தைத் தானே வரைபவர் செய்வதை யோசித்துப் பாருங்கள்: கண்ணாடியில் தெரியும் நிழலைப் பார்த்து, தாளில் நிழல் இடுகிறார். பார்க்கும் பொருளுக்கும் செய்யும் முறைக்கும் ஒரே பெயர். இந்தப் பொருத்தம் இன்றைய ஆங்கிலத்தில் கிடைக்காது.

சரி, நிழலை என்ன செய்வது? இடுவதா, அமைப்பதா, கொடுப்பதா? 'தீட்டுவது' என்பதே சரியான வினை என்று நான் உறுதியாக நம்புகிறேன். கத்தி தீட்டுகிறோம், அரிசி தீட்டுகிறோம், கண்ணுக்கு மை தீட்டுகிறோம், ஓவியம் தீட்டுகிறோம். எல்லாவற்றிலும் கை ஒன்றன்மேல் ஒன்றை மறுபடி மறுபடி உரசுகிறது. பென்சிலைச் சாய்த்துப் பிடித்து 2பி, 4பி, 6பி என்று கருமை ஏற்றும்போது நடப்பதும் அதேதான். ஆகவே நிழல் தீட்டல். வடமொழியின் 'சாயை'யை எடுக்கலாமே என்பார்கள். அது இராகு கேதுவைச் சொல்லும் சாயாகிரகத்தில் குடியேறிவிட்டது, அங்கேயே இருக்கட்டும்.

ஓர் இடர்ப்பாடு உண்டு. மூக்கின் ஒளிபடாத பக்கத்தில் படியும் கருமையும், அந்த மூக்கு மேலுதட்டின்மேல் வீழ்த்தும் கருமையும் தமிழில் நிழல்தான். வரைபவர் இவற்றைப் பிரித்தறிந்தே ஆகவேண்டும். முதலாவது வளைவில் மெல்ல மறையும், இரண்டாவதற்கு விளிம்பு துலக்கமாக இருக்கும். முதலாவதைத் தன்னிழல் என்றும் இரண்டாவதை விழுநிழல் என்றும் சொன்னால் குழப்பம் தீரும். சன்னலோரம் உட்கார்ந்து, ஒரே பக்கத்திலிருந்து ஒளி வரும்படி கண்ணாடி வைத்துப் பார்த்தால் இரண்டும் பளிச்சென்று பிரியும். தாடைக்குக் கீழே கழுத்தில் கிடப்பது விழுநிழல்.

தீட்டும் முறைகளுக்கும் பெயர் வேண்டும். நெருக்கமாக இணைகோடுகள் இட்டுக் கருமை காட்டும் 'ஹேச்சிங்', வெட்டுதல் என்னும் பொருளுள்ள பிரெஞ்சு வினையிலிருந்து வந்தது. கோடரிக்கான பிரெஞ்சுச் சொல்லும் அதன் உறவு. நாம் 'கோடிழைத்தல்' எனலாம். கோடுகள் குறுக்காக வெட்டும் 'கிராஸ் ஹேச்சிங்' முறைக்குச் சொல் தேடி வெகுதூரம் போகவேண்டியதில்லை. சேலம் வெண்பட்டு நெய்யும் தறியில் நீளவாட்டில் பாவு, குறுக்கே ஊடை. முதல் வரிசைக் கோடுகள் பாவாக, குறுக்கே வருபவை ஊடையாக முகத்தின் வளைவோடு ஓடுகின்றன. 'ஊடிழைத்தல்' என்று நான் எழுதுகிறேன்.

இந்த முறை ஏன் வேண்டும் என்பது வெள்ளிமுனையால், அதாவது வெள்ளிக்கம்பியின் நுனியால், வரைந்து பார்த்தால் நன்றாக விளங்கும். ஜெர்மானிய ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர் 1484இல், 13 வயதில், கண்ணாடி பார்த்துத் தன்னை வரைந்தது வெள்ளிமுனையால்தான். அந்தப் படம் இன்று வியன்னாவின் ஆல்பர்ட்டினா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வெள்ளியை அழுத்தினாலும் கோடு பெரிதாகக் கறுக்காது, அழிக்கவும் வராது. கருமை வேண்டுமென்றால் கோட்டின் அருகே கோடு, அதன் குறுக்கே கோடு என்று சேர்த்துக்கொண்டே போகவேண்டும். கொலுசுக்குப் பேர்போன சேலத்தில் வெள்ளிக்கம்பித் துண்டுக்குப் பஞ்சமில்லை. தாளில் வெள்ளை போஸ்டர் கலர் பூசிக் காயவிட்டு, கம்பி நுனியால் கோடிழுத்துப் பாருங்கள். முதலில் சாம்பல் நிறம், நாளாக ஆகப் பழுப்பு.

'ஸ்டிப்லிங்' டச்சு மொழியின் புள்ளியிலிருந்து வந்தது. புள்ளியிடல் என்றால் போதும். நமக்கும் இது புதிதன்று. விஷ்ணுதர்மோத்தர புராணத்தில் ஓவியக்கலையைச் சொல்லும் பகுதியான சித்திரசூத்திரம் நிழலமைக்கும் முறைகளாக மூன்றைச் சொல்கிறது: இலை நரம்புபோல் கோடிடும் பத்ரஜம், மிக நுண்மையாகத் தீட்டும் ஐரிகம், புள்ளியால் அமையும் பிந்துஜம்.

பென்சில் கரியைத் தாள்சுருளாலோ பஞ்சாலோ தேய்த்து மென்மையாக்குவதை 'ஸ்மட்ஜிங்' என்கிறார்கள். 'மெழுகல்' இதற்கு நல்ல சொல். விரலால் மெழுகவேண்டாம், தோலின் எண்ணெய் தாளில் ஏறி, பிறகு அழிப்பானுக்கும் அசையாத கறையாகும். எல்லா இடத்தையும் மெழுகிவிட்டால் முகம் எலும்பில்லாமல் போகும் என்பதையும் சொல்லவேண்டும். நெற்றிக்கும் கன்னத்துக்கும் மெழுகல், தாடி மயிருக்குக் கோடிழைத்தல், கழுத்து நிழலுக்கு ஊடிழைத்தல், மூக்கு நுனியின் சொரசொரப்புக்குப் புள்ளி என்று ஒரே முகத்தில் பிரித்துக் கொடுப்பது நல்லது. ஒளி பளிச்சென்று படும் ஒளிப்பொட்டுக்குத் தாளின் வெள்ளையை விட்டுவைத்தால் போதும்.

'சாயல் மென்மை' என்கிறது தொல்காப்பியம். இன்று சாயல் என்றால் ஒருவரைப்போல இருத்தல். தன்னுருவ ஓவியத்தில் சாயல் தவறுவது பெரும்பாலும் கோட்டால் அல்ல. நிழலின் கருமை இடம்மாறி விழுவதால். கண்ணுக்கும் புருவத்துக்கும் இடையிலுள்ள குழியில் கருமை கொஞ்சம் கூடினாலே வயது ஏறிவிடும்.

இன்னொன்று, கண்ணாடியில் தெரிவதைக் குறுந்தொகை 'ஆடிப்பாவை' என்கிறது. அது இடவலம் மாறிய முகம். வகிடும் மச்சமும் எதிர்ப்பக்கம் போவதால், வரைந்ததைப் பார்த்து வீட்டார் 'ஏதோ இடிக்குதே' என்பார்கள். இரண்டு கண்ணாடிகளைச் செங்கோணத்தில் சேர்த்து நிறுத்தி, அவை கூடும் மூலைக்கு நேரே பார்த்தால் மற்றவர்கள் காணும் முகம் தெரியும். அதைப் பார்த்து வரையலாம். சேரும் கோடு முகத்தின் நடுவேதான் ஓடும், அது தடிப்பாகத் தெரியாதபடி கண்ணாடிகளை நெருக்கி வையுங்கள்.