பதினோரு வயது நாயகன், நாற்பது வயது வாசகர்

எட்டு முதல் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கென்று அச்சடித்த மாயாஜால நாவலை வளர்ந்தவர் ஒருவர் உட்கார்ந்து படித்தால், "சின்ன வயசு ஏக்கம்" என்று சொல்லி முடித்துவிடுகிறோம். எனக்கு அது சோம்பேறித்தனமான விளக்கமாகப் படுகிறது. ஹாரி பாட்டரின் முதல் புத்தகம் 1997-இல் வந்தபோது அதைக் கையில் எடுத்த பெரியவர் யாருக்கும் அந்தக் கதையோடு பால்ய நினைவு எதுவும் இருந்திருக்க முடியாது. அப்படியும் அடுத்த ஆண்டே ப்ளூம்ஸ்பரி பதிப்பகம், ரயிலில் கூச்சப்படாமல் விரித்துப் படிக்க வசதியாக, அதே கதையைப் பெரியவர்களுக்கான வேறு அட்டை போட்டு விற்றது. உள்ளே இருந்த கதை அதே கதைதான்.

அப்படியென்றால் ஈர்ப்பு எங்கே இருக்கிறது? கதை கட்டப்பட்டிருக்கும் விதத்தில்தான் என்பது என் கட்சி.

முதலில் மாயத்தின் அளவைப் பார்ப்போம். பாஸ்கல் போயர் என்ற மானுடவியலாளர் 1990-களில் ஒரு கருத்தை முன்வைத்தார். மனிதர், விலங்கு, பொருள் என்று ஒவ்வொன்றைப் பற்றியும் நம் மூளையில் சில எதிர்பார்ப்புகள் தயாராக இருக்கின்றன, அவற்றில் ஒன்றிரண்டை மட்டும் மீறுகிற கற்பனைதான் நினைவில் நன்றாக ஒட்டும் என்றார். பேசும் பூனை ஒட்டும். பேசவும் செய்து, இரும்பால் ஆகி, தன் தாய்க்கு முன்னாலேயே பிறந்து, செவ்வாய்க்கிழமை மட்டும் கண்ணுக்குத் தெரிகிற பூனை ஒட்டாது, மூளை கைகழுவிவிடும். 2006-இல் உளவியலாளர் அரா நொரென்ஸயானும் அவருடைய குழுவினரும் கிரிம் சகோதரர்கள் தொகுத்த கதைகளில் பேர் பெற்றவற்றையும் யாரும் சீந்தாதவற்றையும் ஒப்பிட்டார்கள். பேர் பெற்ற கதைகளில் பெரும்பாலானவற்றில் இயற்கைக்கு மாறான விஷயங்கள் இரண்டோ மூன்றோதான் இருந்தன.

விக்கிரமாதித்தன் வேதாளம் கதையும் இந்தக் கணக்குக்குள் வந்துவிடும். பிணத்துக்குள் இருக்கும் வேதாளம் பேசும், ராஜா வாயைத் திறந்தால் மறுபடி முருங்கை மரம் ஏறிவிடும். மாயம் அவ்வளவுதான். மற்றதெல்லாம் வணிகன், கல்யாணம், வாக்குக் கொடுத்துவிட்டு மாட்டிக்கொண்டவன் என்று சாதாரண மனிதர்களின் சிக்கல். 1947-இல் தொடங்கிய அம்புலிமாமா இதைப் பல பத்தாண்டுகள் மாதாமாதம் போட்டது, பிள்ளைக்கென்று வாங்கிய இதழை வீட்டுப் பெரியவர்களும் விடாமல் படித்தார்கள்.

அடுத்தது நாயகனின் அறியாமை. இதுதான் முக்கியமான இடம் என்று நினைக்கிறேன். ஒரே நேரத்தில் நாம் மனதில் பிடித்து வைத்துக்கொள்ளக்கூடிய விஷயங்கள் ஏறத்தாழ நான்குதான் என்று உளவியலாளர் நெல்சன் கோவன் 2001-இல் வாதிட்டார். பெரியவர்களுக்கான காவிய ஃபேன்டசி நாவல்கள் பல இதை மதிப்பதே இல்லை. முதல் பக்கத்தில் வரைபடம், இரண்டாம் பக்கத்தில் வம்சாவளி, பத்தாம் பக்கத்துக்குள் முப்பது பெயர்கள், அதிலும் பாதி ஒரே எழுத்தில் தொடங்கும். பத்து வயது வாசகர் அதற்கெல்லாம் பொறுமை காட்டமாட்டார், புத்தகத்தை மூடிவைத்துவிட்டு விளையாடப் போய்விடுவார். அதனால் அவருக்காக எழுதுகிறவர் வேறு வழி பார்க்க வேண்டியிருக்கிறது. எதுவுமே தெரியாத ஒரு பிள்ளையைப் புதிய உலகத்துக்குள் அனுப்பி, அது கேள்வி கேட்கக் கேட்க ஒவ்வொரு விதியாக அவிழ்ப்பார். பதினோரு வயது ஹாரிக்கு மந்திரவாதிகளின் காசு எப்படி இருக்கும் என்றுகூடத் தெரியாது, அவன் கற்றுக்கொள்ளும்போது நாமும் கற்றுக்கொள்கிறோம்.

இதில் இன்னொன்றும் நடக்கிறது. குடும்ப நாவல் ஒன்றைப் பத்து வயதுப் பெண்ணும் அவளுடைய அம்மாவும் படித்தால் அம்மாவுக்கு அனுபவம் அதிகம், பாதி விஷயம் சொல்லாமலே புரியும். இல்லாத உலகத்தில் அந்த அனுபவத்துக்கு அவ்வளவு மதிப்பில்லை. டிராகன் முட்டையை எப்படிப் பொரிக்க வைப்பது என்று அம்மாவுக்கும் தெரியாது! இரண்டு பேரும் ஒரே கோட்டிலிருந்து ஓடத் தொடங்குகிறார்கள். வேலை, குடும்பம் என்று எல்லாவற்றிலும் தெரிந்தவராகவே நடந்துகொள்ள வேண்டிய வயதில், ஒரு உலகத்தின் விதிகளை ஒன்றிலிருந்து கற்றுக்கொள்கிற சுகம் வேறெங்கும் அவ்வளவு லேசாகக் கிடைக்காது.

சரி, படிக்கும்போது மூளையில் என்னதான் நடக்கிறது? கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், எட்டுப் பேரை, மூளை இயங்குவதைப் படம் பிடிக்கும் எஃப்.எம்.ஆர்.ஐ. கருவிக்குள் படுக்க வைத்து ஹாரி பாட்டர் முதல் புத்தகத்தின் ஒன்பதாம் அத்தியாயத்தைப் படிக்கச் செய்தார்கள். ஹாரி முதன்முதலாகத் துடைப்பத்தில் ஏறிப் பறக்கிற அத்தியாயம் அது. ஒரு சொல் அரை நொடிக்குத் திரையில் நிற்கும், உடனே அடுத்த சொல். கிடைத்த பதிவுகளை வைத்து, இரண்டு பகுதிகளில் எதை ஒருவர் படித்துக்கொண்டிருந்தார் என்று அவர்கள் உருவாக்கிய கணினி நிரல் 74 சதவீதம் சரியாகச் சொன்னது. கதாபாத்திரங்கள் அசைகிற இடங்களில், நிஜத்தில் பிறர் அசைவதைப் பார்க்கும்போது வேலை செய்கிற மூளைப் பகுதிகளும் சேர்ந்து இயங்கின. 2015-இல் பெர்லினில் இதே நூல் வரிசையிலிருந்து மாயம் நிகழும் பத்திகளையும் நிகழாத பத்திகளையும் பெரியவர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். மாயப் பத்திகளின்போது, உணர்ச்சியோடு தொடர்புடைய இடப்பக்க அமிக்டலா கூடுதலாக இயங்கியது. சிறு எண்ணிக்கையிலான ஆட்களை வைத்துச் செய்த ஆய்வுகள்தான், மூளைப் படத்தைக் காட்டிப் பெரிய முடிவுக்குத் தாவுவது எனக்குப் பிடிக்காது. ஆனால் வளர்ந்தவர்களின் மூளை "இது சின்னப் பிள்ளைக் கதை" என்று ஒதுங்கிக்கொள்ளவில்லை என்ற அளவுக்கு இவற்றை நம்பலாம்.

அட்டையில் போடும் வயதைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1936-இல் டோல்கீன் எழுதிய 'ஹாபிட்' என்ற மாயாஜால நாவலின் கையெழுத்துப் பிரதியைப் பதிப்பாளர் ஸ்டான்லி அன்வின் தன் பத்து வயது மகன் ரேனரிடம் கொடுத்துக் கருத்துக் கேட்டார், கூலி ஒரு ஷில்லிங். ஐந்து முதல் ஒன்பது வயதுப் பிள்ளைகளுக்குப் பிடிக்கும் என்று எழுதிக் கொடுத்தான் பையன். அவன் வயதே அந்த வரம்பைத் தாண்டியிருந்தது!

எதுவும் தெரியாத நாயகனை வைத்துக் கதையை அவிழ்க்கிற உத்திக்கு ஆயுள் குறைவு. ஒன்றிரண்டு புத்தகங்களில் நாயகனுக்கு எல்லா விதியும் தெரிந்துவிடும், அப்புறம் அவன் கேட்க வேண்டிய கேள்விகள் தீர்ந்துபோகும். அதனால் தொடர் வரிசையை நீட்ட நினைக்கிற எழுத்தாளர் மாயத்தைக் கூட்டுவார், அல்லது அரசியல், காதல், மரணம் என்று கதையைப் பெரியவர்கள் பக்கம் நகர்த்துவார். ஹாரி பாட்டர் முதல் புத்தகம் ஆங்கிலத்தில் சுமார் 77,000 சொற்கள், ஐந்தாவது சுமார் 2,57,000. ஐந்தாவதில் அவனுக்குப் பதினைந்து வயது, எந்நேரமும் கோபம். அதை எட்டு முதல் பன்னிரண்டு வயதுக்கான அலமாரியில் வைப்பது கடைக்காரரின் வசதிக்காகத்தான்.