சர்க்காடியன்: பகலிரவுச் சுழற்சி அன்று

தூக்கக் குறைபாடு உள்ளவர்களுக்காக ஒரு மருத்துவமனை அச்சிட்டுக் கொடுத்த கையேடு அண்மையில் என் கைக்கு வந்தது. அதன் இரண்டாம் பக்கத்தில், 'பகலிரவுச் சுழற்சி பகலிரவுச் சுழற்சியோடு ஒத்துப்போகாதபோது தூக்கம் கெடுகிறது' என்றொரு வாக்கியம் இருந்தது. அச்சுப்பிழை என்றுதான் முதலில் நினைத்தேன். முதலில் வருவது உடலுக்குள் நிகழ்வது, அடுத்து வருவது வெளியே பொழுது புலர்ந்து சாய்வது என்று பிறகுதான் விளங்கிற்று. உறக்கமும் விழிப்பும் போல உடலுக்குள் ஏறத்தாழ ஒரு நாளுக்கு ஒருமுறை மீளும் ஒழுங்கைத்தான் ஆங்கிலத்தில் சர்க்காடியன் ரிதம் என்கிறார்கள். அதற்கு இந்தத் தொடரை நாளேட்டிலும் வானொலியிலும் கேட்டுச் சலித்தவன் நான்; அது தன்னைத் தானே கவிழ்த்துக்கொண்டதை அன்றுதான் கண்டேன்.

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மின்னசோட்டா பல்கலைக்கழக ஆய்வாளர் ஃபிரான்ஸ் ஹால்பெர்க் 1959இல் இதை ஆக்கினார். லத்தீனில் 'சர்க்கா' என்றால் ஏறத்தாழ, 'டியெஸ்' என்றால் நாள். அட்ரினல் ஹார்மோன்கள் மிகும்போது இரத்தத்தில் குறையும் ஒருவகை வெள்ளையணுக்களைச் சுண்டெலிகளில் எண்ணிவந்த அவர், எண்ணும் நேரத்தைப் பொறுத்தே கணக்கு மாறுவதைக் கண்டார். பார்வையற்ற எலிகளிலோ அந்த ஏற்ற இறக்கம் 24 மணிக்குச் சற்றுக் குறைவான கால அளவில் தன்போக்கில் ஓடியது. அந்தச் 'சற்று' என்பதற்காகவே அவர் 'ஏறத்தாழ' என்பதைச் சொல்லின் முகப்பில் வைத்தார்.

நம் மொழிபெயர்ப்பாளர்கள் எறிந்துவிட்டது அந்த முகப்பைத்தான். 'சர்க்கா'வைப் பார்த்ததும் 'சர்க்கிள்' நினைவுக்கு வந்து சுழற்சி என்று எழுதிவிட்டார்களோ என்று எனக்கு ஐயம் உண்டு. இரண்டும் உறவுச் சொற்களே. ஆனால் இங்கே வட்டத்துக்கு வேலை இல்லை. பகலிரவு என்பதும் பொருந்தாது. 1729லேயே பிரெஞ்சு அறிஞர் டி மெரான், இலை விரித்து மூடும் செடியொன்று இருட்டறையிலும் தன் வழக்கப்படி விரித்து மூடுவதைப் பதிந்திருக்கிறார். பகலும் இரவும் இல்லாத இடத்திலும் நடப்பதற்குப் பகலிரவு என்றே பெயரிடுவது எப்படித் தகும்? '24 மணி நேரத் தாளம்' என்பது இன்னும் மோசம். ஹார்வர்டில் சார்ல்ஸ் சைஸ்லர் குழுவினர் 1999இல் வெளியிட்ட ஆய்வு, மனித உடலின் சொந்தக் கால அளவு சராசரியாக 24 மணி 11 நிமிடம் என்று காட்டியது. அந்த 11 நிமிடத்தைக் காலை வெளிச்சம் நாள்தோறும் திருத்துகிறது. ஒளியே உணராத பார்வையற்றோர் பலருக்கு இந்தத் திருத்தம் நடப்பதில்லை. நாளுக்கு 11 நிமிடம் தள்ளினால் ஒரே மாதத்தில் ஐந்தரை மணி நேரம் பிசகிவிடும். அவர்களுக்கு இரவில் உடல் சுரக்கும் ஹார்மோனான மெலட்டோனினைக் கொடுத்து நேரத்தை நிலைநிறுத்துவது ஏன் என்பதை, '24 மணி' என்ற பெயரை வைத்துக்கொண்டு எப்படி விளக்குவது?

'தினசரி' என்பதை விட்டுவிடுகிறேன். அது செய்தித்தாளாகவே இருக்கட்டும். 'உயிர்க்கடிகாரம்' நல்ல சொல்தான், ஆனால் அது மூளையின் ஹைப்போதலாமசில் உள்ள கருவியின் பெயர். ஓடுவது வேறு, ஓட்டுவது வேறு.

ஏறத்தாழ என்பதை நாம் பேச்சில் எப்படிச் சொல்கிறோம்? 'பத்து மணி வாக்கில் வா' என்கிறோம். வாக்கு என்றால் தேர்தல் நினைவு வந்துவிடும், ஆகவே அது வேண்டாம். 'பொங்கலை ஒட்டி ஊருக்குப் போனேன்' என்றும் சொல்கிறோம். பொங்கலன்றே என்று பொருளில்லை, அதன் அருகில் என்றுதான் பொருள். எனவே 'நாளொட்டிய சீர்' என்பது என் பரிந்துரை. நாளுக்கு அருகே நிற்பது, ஒளியால் நாளோடு ஒட்டவைக்கப்படுவது என்ற இரண்டும் அதில் அடங்கும். தாளம் கைபோட்டு எண்ணுவது; தானே ஒழுங்காக மீள்வதற்குச் சீர் பொருந்தும். ஹார்மோனை நான் ஹார்மோன் என்றே எழுதுகிறேன், எல்லாருக்கும் விளங்குவதால். சர்க்காடியனை அப்படி விட முடியாததற்குக் காரணம், அது பெரும்பாலோர்க்கு விளங்கவில்லை என்பதே.

இதற்கு உடன்பிறப்புகளும் உண்டு. தூக்கத்தில் ஏறத்தாழ 90 நிமிடத்துக்கு ஒருமுறை மீள்வது அல்ட்ராடியன். மாதவிலக்குப் போல நாளினும் நீண்டு மீள்வது இன்ஃப்ராடியன். நாள் என்பது அடிச்சொல்லாக இருந்தால் இவற்றை 'நாட்குறுஞ்சீர்', 'நாள்நெடுஞ்சீர்' என்று உடனே ஆக்கிக்கொள்ளலாம். பகலிரவுச் சுழற்சிக்காரர்கள் மாதவிலக்கை எந்தச் சுழற்சி என்பார்கள் என்று அந்தக் கையேட்டில் தேடினேன்; அந்தப் பகுதியையே விட்டிருந்தார்கள்.