காலியான மெஷினில் எல்லாம் கண்ட லாட்டையும் ஏற்றாதீர்கள்

திருப்பூர்ச் சாயப்பட்டறைகளுக்கு உற்பத்தித் திட்டமிடல் ஆலோசனைக்காகச் செல்லும்போதெல்லாம் பார்க்கும் காட்சியைத்தான் சென்ற வாரமும் பார்த்தேன். கறுப்புச் சாயம் ஏற்றி முடிந்த சாஃப்ட் ஃப்ளோ மெஷினில் (துணிக்குச் சாயமேற்றும் இயந்திரம்) வெள்ளை லாட்டை, அதாவது வெள்ளையாக வர வேண்டிய ஒரு தொகுதித் துணியை, ஏற்றுவதற்காக, ஒட்டியிருக்கும் கறுப்புச் சாயத்தைப் போக்கும் காஸ்டிக், ஹைட்ரோஸ் ரசாயனங்களைப் போட்டுச் சூடாகக் கழுவிக்கொண்டிருந்தார்கள். காரணம் கேட்டால், "இதுதானே சார் முதலில் காலியாச்சு?" என்றார் சூப்பர்வைசர்.

மெஷின் நிற்கக்கூடாது என்ற இந்தப் பிடிவாதம்தான் பட்டறையின் நேரத்தைத் தின்கிறது. கறுப்பு ஓடும் மெஷின் இரண்டு மணிக்கும், இளஞ்சிவப்பு ஓடும் மெஷின் மூன்று மணிக்கும் காலியாகின்றன என்று வைத்துக்கொள்வோம். வெள்ளையை முதல் மெஷினுக்குக் கொடுத்தால், இரண்டரை மணி நேரக் கழுவலுக்குப் பின் நாலரைக்குத்தான் ஏற்ற முடியும். மூன்று மணி வரை காத்திருந்து இரண்டாவதில் ஏற்றினால், சாதாரண அலசலோடு மூன்றேகாலுக்கே லாட் ஓடத் தொடங்கிவிடும். முதல் மெஷினும் சும்மா நிற்காது, வரிசையில் உள்ள நேவி புளூ அதில் ஏறிவிடும். கழுவும்போது மெஷின் சுற்றுகிறது என்பதால் அதை உற்பத்தி என்று எண்ணிவிடாதீர்கள். ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியேறாத நிலையை எட்டவில்லை என்று 2011-ல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளையே மூட உத்தரவிட்ட ஊர் இது. கழுவும் ஒவ்வொரு லிட்டரையும் சுத்திகரிக்கப் பணம் கட்டுவது நீங்கள்தான்.

லாட் வரிசையைத் திட்டமிட சாஃப்ட்வேர் வாங்கிவிட்டோம் என்பவர்களுக்கும் ஒரு சொல். வெள்ளையிலிருந்து கறுப்புக்கு மாறும் நேரமும் கறுப்பிலிருந்து வெள்ளைக்கு மாறும் நேரமும் ஒன்றல்ல. எல்லா மாற்றத்துக்கும் சராசரியாக ஒரு மணி நேரம் என்று பதிந்தால், பத்து லாட்டை ஒரே மெஷினில் அடுக்கக்கூடிய 36,28,800 வரிசைகளில் எது நல்லது என்று எந்த சாஃப்ட்வேராலும் சொல்ல முடியாது.

எந்த ஷேடிலிருந்து எந்த ஷேடுக்கு மாற எவ்வளவு நேரமாகிறது என்பதைக் கடிகாரம் பார்த்துக் கட்டம் போட்டு எழுதுங்கள். லைட் ஷேடுக்கென்று சில மெஷின்களை ஒதுக்கி, மற்றவற்றில் வெளிறியதிலிருந்து அடர்ந்ததாக ஏற்றிக்கொண்டே போங்கள். ஆனால் ஷிப்மென்ட் தேதி நெருங்கிய லாட்டை நிறப்பொருத்தம் பார்த்து ஒதுக்கிவைக்காதீர்கள். ஒரு தொலைபேசி அழைப்புக்காக ஷிஃப்ட் நடுவே வரிசையைக் கலைக்காதீர்கள். முதலாளிகளே, தயவுசெய்து மெஷின் ஓடிய மணிக்கணக்கை மட்டும் பார்த்து சூப்பர்வைசரைத் திட்டாதீர்கள். அந்தத் திட்டுக்குப் பயந்துதான் அவர் வெள்ளையைக் கறுப்பு மெஷினில் ஏற்றுகிறார்.