சங்கனூர் பள்ளத்தில் முதல் மழை

கோடை கழிந்து பெய்யும் முதல் பெருமழையில் கோவை சங்கனூர் பள்ளத்துப் பாலத்தில் நின்று பாருங்கள். தண்ணீர் கறுப்பாக வரும். மாதக்கணக்கில் சாலையில் படிந்த எண்ணெய், டயர்த் துகள், குப்பைச் சாறு எல்லாவற்றையும் வழித்துக்கொண்டு நொய்யல் ஆற்றை நோக்கி ஓடும். மறுநாள் மழையில் இவ்வளவு கறுப்பு இருக்காது.

ஆற்றுநீர் இன்று எவ்வளவு கெட்டிருக்கிறது என்பதை அறிய ஒரு புட்டித் தண்ணீரும் ஆய்வகமும் போதும். எவ்வளவு சுலபமாகக் கெடும் என்பதை அறிய, மழைநீர் அதில் வந்து சேரும் வடிநிலம் முழுவதையும் பார்க்க வேண்டும். வரைபடத்தைச் சிறு கட்டங்களாகப் பிரித்து, சரிவு, மண், நிலப்பயன்பாடு, ஓடைக்கு உள்ள தூரம் என ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போடுவார்கள். வெள்ளியங்கிரி அடிவாரத்துக் காட்டு மண் மழையைக் குடித்து மெல்ல விடும். கான்கிரீட் தரை அப்படியே ஓடவிடும். எந்த அம்சத்துக்கு எவ்வளவு எடை என்பதை முடிவுசெய்வது மனிதர்கள்தான். எடையை மாற்றினால், எளிதில் கெடும் என்று சிவப்பில் காட்டிய கட்டம் மஞ்சளாகிவிடும். வண்ண வரைபடம் கையில் கிடைத்தால் நான் முதலில் தேடுவது எடைப் பட்டியலை.

பருவமும் முக்கியம். 25 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் நீரில் 8 மில்லிகிராமுக்குச் சற்று அதிகமாக ஆக்சிஜன் கரையும். 35 டிகிரியில் 7 மில்லிகிராம்கூடக் கரையாது. சாக்கடைக் கழிவைத் தின்னும் நுண்ணுயிர்கள் வெயிலில் அந்த ஆக்சிஜனை இன்னும் வேகமாக உறிஞ்சும். ஓட்டமும் அப்போதுதான் குறைவு. ஆண்டுச் சராசரியில் இதெல்லாம் மறைந்துபோகும்.

சாக்கடையையாவது ஆறு ஓரளவு செரிக்கும், உப்பைச் செரிக்காது. பருத்தியில் சாயம் ஏற உப்பு வேண்டும். திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் உப்புக் கழிவு, பாசனத்துக்காக நொய்யலின் குறுக்கே 1992இல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கியது. வயல் கெடும் என்று விவசாயிகளே அந்தத் தண்ணீரைத் திறக்க வேண்டாம் என்றார்கள். 2011இல் சென்னை உயர் நீதிமன்றம், கழிவு வெளியேற்றத்தை அறவே நிறுத்தும்வரை பட்டறைகளை மூடச் சொன்னது.

இத்தனைக்கும் அணை இருக்கும் கட்டத்தை மட்டும் எடுத்துப் பார்த்தால் சுற்றிலும் வயல், மெல்லிய சரிவு; நல்ல மதிப்பெண் வாங்கிவிடும். அதனால் மேலே உள்ள கட்டங்களின் அழுக்கையெல்லாம் ஓட்டத்தின் வழியே கூட்டிக்கொண்டே வந்து, தண்ணீர் எங்கே நிற்கிறதோ அங்கே கணக்கை முடிக்க வேண்டியிருக்கிறது.