காலண்டர்: நாட்காட்டியா, ஆண்டுமுறையா?

புனைவுலகம் ஒன்றைப் படைப்பவர், வரைபடம் வரைந்த கையோடு அதற்கொரு ‘காலண்டரை’யும் வகுத்துவிடுகிறார். அதைத் தமிழில் ‘நாட்காட்டி’ என்று எழுதும்போதுதான் பொருள் இடறுகிறது.

காலண்டர் என்பது ஆங்கிலம் வழியாக நம்மிடம் வந்த இலத்தீன் சொல். உரோமர்கள் மாதத்தின் முதல் நாளைக் ‘கலெண்டே’ என்றனர். ‘கூவி அறிவித்தல்’ என்று பொருள்படும் ‘கலாரே’ என்னும் வினையே அதன் அடி. அடுத்த குறிப்பு நாளான ‘நோனே’ ஐந்தாம் நாளில் வருமா, ஏழாம் நாளில் வருமா என்பதைக் குருமார் அன்று உரக்க அறிவிப்பர். வட்டி செலுத்த வேண்டிய நாளும் அதுவே ஆதலால், கடன் கணக்கெழுதிய ஏடு ‘கலெண்டாரியம்’ எனப்பட்டது. சுவரில் தொங்கும் காலண்டருக்கு மூதாதை ஒரு வட்டிப் பேரேடு!

இச்சொல் இன்று இரண்டு பொருள்களில் வழங்குகிறது. நாளைக் காட்டும் கருவிக்கு, திசைகாட்டியைப் போல அமைந்த ‘நாட்காட்டி’ மிகப் பொருத்தமானது. ஆனால் 1582இல் நடைமுறைக்கு வந்த கிரகோரியன் காலண்டர் ஒரு கருவியன்று, நாள்களை வகுக்கும் விதி. அந்தப் பொருளில் ‘ஆண்டுமுறை’ என்பதே என் தேர்வு. புனைவுலகத்துக்கும் அதுவே வேண்டும். ‘பஞ்சாங்கம்’ பொருந்தாது; அதன் ஐந்து உறுப்புகளில் திதி, கரணம் ஆகியவை நிலவுக்கும் கதிரவனுக்கும் உள்ள இடைவெளியைக் கொண்டே கணிக்கப்படுகின்றன; புனைவுலகத்து வானில் நம் நிலவும் கதிரவனும் இருக்க வேண்டியதில்லை.

‘திங்கள்’ இன்னும் கவனிக்க வேண்டிய சொல். நிலவுக்கும் மாதத்துக்கும் அதுவே பெயர். பிறை வளர்ந்து தேய ஏறத்தாழ 29.53 நாள் ஆவதால் அமைந்த உறவு அது. இரண்டு நிலவுகள் உலவும் வானத்தின் கீழ் ‘மூன்று திங்கள் கழித்து’ என்று எழுதினால் எந்த நிலவின் கணக்கு என்ற கேள்வி எழும். நிலவே இல்லாத உலகிலோ ‘ஆண்டுக்கூறு’ என்று பிரித்துக்கொள்வதே நேர்மை.

பருவங்களுக்கு நம் அகப்பொருள் இலக்கணம் தரும் கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்னும் ஆறு பெயர்களும் வானமும் காற்றும் செய்வதைச் சொல்பவை. அப்பெயர்களை அப்படியே பெயர்த்து நடுவதைவிட, பெயரிட்ட முறையைக் கைக்கொள்ளலாம். கார் என்றால் கருமை. மழைக்கு மாறாகச் செம்புழுதி எழுந்து வானத்தை மூடும் உலகில் அப்பருவத்துக்கு, செவ்வானத்தைக் குறிக்கும் ‘செக்கர்’ என்ற பழஞ்சொல்லே போதும்.