அரிக்கன் சட்டியில் தங்கம்

வவுனியாப் பக்கம் கிணறு வெட்டும்போது மண்ணோடு பொன்னிறத் தகடுகள் மினுங்கிக்கொண்டு வருவதுண்டு. சின்ன வயதில் அவற்றைப் போத்தலில் சேர்த்து வைத்திருந்தேன். அம்மம்மா ஒரு தகட்டை நகத்தால் உரித்துக் காட்டி, "இது காக்காய்ப்பொன்னடா மோனை" என்று கதையை முடித்துவிட்டார். கரிய மைக்கா மழைநீர் பட்டு உக்கும்போது எடுக்கும் நிறம் அது. அசல் தங்கம் உரியாது, தட்டினால் விரியும்.

சரி, அந்த மண்ணில் அசல் தங்கம் இல்லையா? இருக்கிறது. புவியோட்டுப் பாறையில் சராசரியாகத் தொன்னுக்கு 0.004 கிறாம் தங்கம் உண்டு. அந்தக் கணக்கில் ஒரு பவுணுக்கு 2,000 தொன் கல்லை அரைக்க வேண்டும். தாலிக்கொடிக் கனவு அதோடு சரி. சுரங்கம் கட்டுப்படியாகத் தொன்னுக்கு 1 கிறாம் அளவிலாவது வேண்டும். சிதறிக் கிடப்பதை யாராவது ஓரிடத்தில் கூட்டிச் சேர்க்க வேண்டும்.

அந்த வேலையை முதலில் செய்வது சுடுதண்ணீர். மலைகள் எழும்பும் காலத்தில் ஆழத்துப் பாறைகள் நசுங்கிச் சூடேறும். கனிமங்களுக்குள் கட்டுண்டிருந்த நீர் பிரியும். அதில் கந்தகமும் இருக்கும். வெறும் நீரில் கரையாத தங்கம் கந்தகத்தோடு கூட்டுச் சேர்ந்து கரைந்து, வெடிப்புகள் வழியே மேலேறும். நிலம் அதிர்ந்து வெடிப்பு விரிந்தால் அமுக்கம் சட்டென்று விழுந்து கந்தகம் பிரியும். சில இடங்களில் பாறையிலுள்ள இரும்பு கந்தகத்தைப் பறித்துக்கொள்ளும். துணை போனதும் தங்கம் அங்கேயே படியும், கூடவே வெள்ளைக் குவார்ட்சும். இது திரும்பத் திரும்ப நடந்துதான் வெடிப்பை நிரப்பும் கனிமப் பட்டை, அதாவது நரம்பு, தடிக்கிறது. கர்நாடகத்துக் கோலார் இந்த வகை. 2001இல் மூடியபோது சுரங்கம் 3 கிலோமீற்றருக்கும் கீழே போயிருந்தது.

எரிமலை அடியில், தரைக்குக் கிட்ட நீர் கொதித்துத் தங்கத்தைக் கைவிடுவதும் உண்டு. பப்புவா நியூகினியின் லிஹிர் தங்கச் சுரங்கம் அப்படிப்பட்டது. அமெரிக்காவில் நெவாடாவின் கார்லினில் தங்கம் கண்ணுக்கே தெரியாத துகளாகப் பைரைட் என்ற இரும்பு-கந்தகக் கனிமத்துக்குள் ஒளிந்திருக்கிறது.

அப்புறம் ஆறு. அரிக்கன் சட்டியில் அரிசி அரிப்பதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஆட்ட ஆட்ட அரிசி தண்ணீரோடு வழியும், கல் உள்வரிகளில் தங்கும். சாதாரண மணல் நீரைவிட 2.65 மடங்கு கனம், தங்கம் 19.3 மடங்கு. நரம்பு உக்கி ஆற்றில் விழுந்தால், ஓட்டம் தளரும் வளைவிலும் பாறை இடுக்கிலும் தங்கம் தங்கிவிடும். தென்னாபிரிக்காவின் விட்வாட்டர்ஸ்ராண்டில் 1886இல் கண்டெடுத்தது, ஏறத்தாழ 300 கோடி ஆண்டுகளுக்கு முன் இறுகிக் கல்லான கூழாங்கற் படுகை. பிற்காலச் சுடுநீர் அந்தத் தங்கத்தை எவ்வளவு இடம்மாற்றியது என்பதில் புவியியலாளர்களுக்குள் இன்னும் வழக்கு.

கொக்கிளாய், புல்மோட்டைக் கரையின் கறுப்பு மணலும் இதே அரிப்புத்தான். அலை திரும்பும்போது இலேசான மணல் போய்விட, இல்மனைட், சிர்க்கோன் என்ற கனத்த கனிமங்கள் மிஞ்சுகின்றன. சட்டி நல்ல சட்டி. போட்ட அரிசியில்தான் தங்கம் இல்லை.

தங்க நரம்புகள் பெரும்பாலும் 300, 400 பாகைச் சூட்டில் அமைபவை. வன்னியின் பழம்பாறைகளோ அதைவிட ஆழத்தில், 700 பாகையையும் தாண்டி வெந்தவை. அவற்றின் நீர் எப்போதோ மேலேறிவிட்டது. மேலே கிடந்த பல கிலோமீற்றர் பாறையையும் மழை கரைத்துக் கடலுக்குக் கொண்டுபோய்விட்டது.