முடி உதிர்வுக்குக் காளான் மாத்திரை வாங்கும் முன்

"ரெய்ஷி காளான் மாத்திரை சாப்பிட்டால் முடி வளருமாமே, டாக்டர்?" என்ற கேள்வியைத் தோல் மருத்துவராக நான் அண்மைக் காலமாக அடிக்கடி எதிர்கொள்கிறேன்.

இந்த நம்பிக்கைக்கு ஓர் அடிப்படை உண்டு. டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன், 5-ஆல்பா ரிடக்டேஸ் என்ற நொதியால் டிஹெச்டி என்ற வீரியமான ஹார்மோனாக மாறி, பரம்பரை வழுக்கை உள்ளவர்களின் மயிர்க்கால்களைச் சுருக்குகிறது. ரெய்ஷியின் சாறு அந்த நொதியைத் தடுப்பதாக ஜப்பானிய ஆய்வாளர்கள் 2005-இல் எழுதினார்கள். ஆனால் அவர்கள் சோதித்தது எலிகளின் புராஸ்டேட் சுரப்பியை. அதை வைத்து மனிதரின் தலைமுடிக்கு வாக்குறுதி தர முடியாது.

குழந்தை பிறந்து நான்காம் மாதத்தில் முடி கொத்துக் கொத்தாக உதிர்கிறதென்று ஓர் இளம்தாய் வந்தார். கையில் இரண்டு மாதமாகச் சாப்பிட்டுவந்த காளான் மாத்திரைப் புட்டி. பிரசவம், டெங்கு போன்ற கடுங்காய்ச்சல், அறுவை சிகிச்சை இவற்றுக்குப் பின் பெருமளவு மயிர்க்கால்கள் ஒரே நேரத்தில் ஓய்வுநிலைக்குப் போய், இரண்டு மூன்று மாதம் கழித்து முடியை உதிர்க்கும். பெரும்பாலும் தானாகவே சீராகும். அவருக்கோ உடலின் இரும்புச்சத்துச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவும் மிகக் குறைந்திருந்தது. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயதுவரையான பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருக்கிறது என்பதால், ஃபெரிட்டினையும் தைராய்டையும் பார்க்காமல் நான் எந்த மாத்திரையும் எழுதுவதில்லை. நூறு கிராம் மொட்டுக் காளானில் இரும்புச்சத்து அரை மில்லிகிராம்தான். அந்தக் குறையை அது ஈடுகட்டாது.

எனக்கு உண்மையான கவலை பக்கவிளைவுகளைப் பற்றியது. ரெய்ஷி இரத்தம் உறைவதைத் தாமதப்படுத்தக்கூடும் என்பதால் வார்ஃபரின், குளோபிடோக்ரெல் போன்ற இரத்த உறைவுத் தடுப்பு மருந்துகளை எடுப்பவர்களும் அறுவை சிகிச்சைக்குக் காத்திருப்பவர்களும் அதைத் தொடவே கூடாது. ரெய்ஷித் தூளால் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்களும், சிறுநீரகத்தில் படிகமாகப் படியக்கூடிய ஆக்ஸலேட் மிகுந்த சாகா காளான் தூளை நெடுநாள் உண்டு சிறுநீரகம் பழுதானவர்களும் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறார்கள். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் தவிர்ப்பதே நல்லது. அந்த இளம்தாய்க்கும் அதையே சொல்லி, இரும்புச்சத்து மாத்திரை கொடுத்து அனுப்பினேன்.

சமையலுக்கான காளானை நான் மனமார ஆதரிக்கிறேன். சிப்பிக் காளானோ மொட்டுக் காளானோ நன்றாக வேகவைத்து, முட்டை, பருப்பு, கீரையுடன் வாரம் இரண்டு மூன்று முறை உண்ணலாம். நறுக்கிய காளானைச் சமைக்கும் முன் நண்பகல் வெயிலில் சிறிது நேரம் பரப்பிவைத்தால் அதிலுள்ள எர்கோஸ்டெரால் என்ற கொழுப்புப் பொருள் வைட்டமின் டி2 ஆக மாறும். மாத்திரையை ஏற்கெனவே தொடங்கிவிட்டவர்கள், மருத்துவரிடம் வரும்போது அந்தப் புட்டியையும் எடுத்து வாருங்கள்.